சின்ன வீட்டில் பிள்ளைகளின் பழைய சட்டைகளை எங்கே வைப்பது?

சென்னை அம்மா: ஒரே படுக்கையறை வீடு. மகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளைத் தம்பிக்காகப் பரணில் வைத்தேன், மழைக்காலத்தில் பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. என்ன செய்யலாம்?

தஞ்சை அக்கா: வெயிலில் நன்றாகக் காயவைத்து, வயது எழுதிய பைகளில் போட்டு, சும்மா கிடக்கும் சூட்கேசில் அடுக்குங்கள். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், இராமபாணப் பூச்சி அதைத் தின்னத்தான் வரும்.

இரட்டையர் அப்பா: அந்துருண்டை வேண்டவே வேண்டாம்! ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தை, அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். காய்ந்த வேப்பிலையை முடிந்து வையுங்கள், போதும்.

மதுரை சித்தி: எல்லாவற்றையும் ஏன் சேர்த்து வைக்கிறீர்கள்? பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணிதானே போடுவோம், மெத்தென்று இருக்கும், என் நாத்தனார் கேட்டே வாங்கிக்கொண்டார். கிழிந்ததை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், வாங்குகிறவர் மனசு நோகும்.