இந்தக் குறடு எதற்கு?

வணக்கம். கொட்டாஞ்சேனையில் அம்மப்பாவின் பழைய வீட்டைத் துப்புரவாக்கியபோது சாக்குக்குள் நான்கு கொல்லன் குறடுகள் கிடைத்தன. சாக்கு கறையானுக்கும், குறடுகள் துருவுக்கும் தப்பியதே அதிசயம்.

மூன்று எதற்கென்று ஒருவாறு கண்டுபிடித்துவிட்டேன். தட்டை வாய் உள்ளது பட்டைக் கம்பிக்கு. வாயின் உட்புறம் நீளவாக்கில் பள்ளம் ஓடுவது உருண்டைக் கம்பிக்கு. இப்படிப் பள்ளம் உள்ளவை இரண்டு இருக்கின்றன.

நான்காவதுதான் தலையைக் குடைகிறது. நீளம் 22 அங்குலம். வாய் நேராக இல்லை, இடப்பக்கமாகச் செங்கோணத்தில் திரும்பியிருக்கிறது. உள்ளே பள்ளம், அதற்குப் பின்னால் முட்டை வடிவில் ஓர் இடைவெளி. போல்ட்டின் தலை அதற்குள் அடங்க, தண்டைப் பிடிக்கும் குறடு என்று நினைத்தேன். ஆனால் போல்ட்டுக்கு வாய் ஏன் பக்கவாட்டில் திரும்ப வேண்டும்? ஒரு கைப்பிடியில் உளியால் வெட்டிய ஐந்து கோடுகளும் உண்டு. பிடி தளராமலிருக்கக் கைப்பிடிகளில் வளையம் மாட்டுவார்களே, அதற்கான வெட்டோ? அல்லது கம்மாலைக்காரரின் (கொல்லன் பட்டறைக்காரரின்) அடையாளமோ?

அம்மப்பா எங்கே வேலை செய்தார் என்று அம்மாவைக் கேட்டால், "இரும்பு வேலைதான்" என்பதோடு சரி.

கம்மாலையில் வேலை பார்த்தவர்கள், வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்; கம்பித் தூரிகை போடவில்லை. அப்புறம், விற்பனைக்கு இல்லை, விலை கேட்காதீர்கள்.