புதுப்பிப்பு: மழையில் எரியும் ஏர் சஸ்பென்ஷன் எச்சரிக்கை விளக்கு – காரணம் தெரிந்தது

மழை நாட்களில் மட்டும் ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பைகளால் காரைத் தாங்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்து, காரின் பின்புறம் இடப்பக்கமாகத் தாழ்வதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பணிமனையில் காற்றை நிரப்பும் கம்ப்ரசரை மாற்றச் சொன்னார்கள் என்றாலும், அதற்கு முன் காரின் உயரத்தை அளக்கும் சென்சாரின் மூன்று கம்பிகளையும் அளந்து பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையே பலித்தது. சென்சாருக்கு வர வேண்டிய 5 வோல்ட் சரியாக வந்தது; ஆனால் கனெக்டரைக் கழற்றாமல் அளந்தபோது, ஏறத்தாழ பூஜ்யமாக இருக்க வேண்டிய எர்த் கம்பியில் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) 0.8 வோல்ட் இழப்பு தெரிந்தது. கழற்றிப் பார்த்தால், ரப்பர் சீல் விரிசல் விட்டு, மழைநீர் புகுந்து, எர்த் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டையும் மாற்றினேன். எதிர்பாராத ஒன்று: அதன் பிறகும் விளக்கு அணையவில்லை, காரின் கணினியுடன் இணைக்கும் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்து, சமதரையில் நிறுத்தி உயர அளவை மறுபடி பதிவு செய்த பின்னரே அணைந்தது.