ஏற்காட்டில் கேட்டது ஜாஸ்தானா?

சேர்வராயன்காற்று:
சனிக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டு முற்றத்தில் நம்ம சேலத்துப் பசங்க நாலு பேர் வாசித்தார்கள். கிடார், பேஸ், டிரம்ஸ், சாக்ஸபோன். ராக் மாதிரி ஆரம்பித்த பாட்டு. நடுவில் கிடார் ஒரு சின்ன வரியையே பிடித்துக்கொண்டு நிற்க, சாக்ஸ் தன்போக்கில் கிளம்பி இருபது நிமிஷம் போனது. ராக்கோடு ஜாஸைக் கலந்த டார்டாய்ஸ், பிளாக் மிடி மாதிரிக் குழுக்களை ஹெட்போனில் மட்டுமே கேட்டவன் நான். இது நம்ம ஊர்ப் பசங்களுக்கு வருகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

செவ்வாய்ப்பேட்டைதவில்:
நானும் அங்கேதான் இருந்தேன் தம்பி. பசங்க மேல் பிரியம் உண்டு, ஆனால் அதை ஜாஸ் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபது நிமிஷமும் ஒரே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே ஸ்வரக் கொத்து. ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் வாசித்ததில் கார்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்துக்குள் புதிதாக ஒன்று சொல்வதுதான் வித்தை. ஒரே இடத்தில் நின்று மனம்போனபடி ஊத என்ன பயிற்சி வேண்டும்?

சேர்வராயன்காற்று:
அண்ணா, 1959-ல் வந்த, ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தில் முதல் பாட்டை எடுங்க. 32 பார் (நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி) சுற்று. 16 பார் ஒரே ஸ்கேல் (ஸ்வர வரிசை), 8 பார் அதையே அரை ஸ்வரம் மேலே, மறுபடி 8 பார் பழைய இடம். டோரியன் என்கிற அந்த ஸ்கேல் நம்ம கரகரப்பிரியாவின் ஸ்வரங்களேதான். நாகஸ்வரக்காரர் ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் ஆலாபனை செய்தால் குறை சொல்கிறோமா?

செவ்வாய்ப்பேட்டைதவில்:
சொல்ல மாட்டோம். அவருக்கு ராகத்தின் பிடிகள் கைவசம். மைல்ஸ் ஆட்களும் கார்டு ஓட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு அப்புறம்தான் விட்டார்கள். அதே 1959-ல்தான், அந்த ஆல்பத்தில் சாக்ஸ் வாசித்த கோல்ட்ரேன் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவு செய்தார். அதன் வேகத்தில் பியானோக்காரரே தடுமாறுவது இசைத்தட்டில் கேட்கும்.

அஸ்தம்பட்டிபேஸ்:
நடுவில் வருகிறேன். நீங்கள் ரெண்டு பேரும் சாக்ஸையே பார்க்கிறீர்கள். சாக்ஸ் மூச்சு வாங்க நின்ற இடத்தில் டிரம்மர் குச்சியைத் தொடையில் வைத்துவிட்டு பிரஷ் எடுத்தார். அதைப் பார்த்த பேஸ் பையன், வாசித்துக்கொண்டிருந்த நாலு ஸ்வரத்தில் ஒன்றை விட்டுவிட்டான். உடனே பாட்டுக்குள் காற்று வந்தது. நானும் பேஸ் வாசிப்பவன். ஒத்திகையில் பேசி வைத்து இதைச் செய்ய முடியாது. பிறர் வாசிப்பதைக் கேட்கிற காதுதான் எனக்கு ஜாஸ். கார்டு எத்தனை என்பது அப்புறம்.

செவ்வாய்ப்பேட்டைதவில்:
அந்த இடம் எனக்கும் பிடித்தது, மறுக்கவில்லை. ஆனால் மிஸ்ர சாபு மாதிரி ஏழு எண்ணிக்கையில் போய்விட்டு, பல்லவிக்குத் திரும்பும்போது டிரம்மர் அரை எண்ணிக்கை தள்ளி வந்தார். சிம்பலை ஓங்கி அடித்து மறைத்தார்கள். நம்ம சங்கீதத்தையும் ஜாஸையும் கலந்த ‘சக்தி’ குழுவில், எழுபதுகளில் கடம் விக்கு விநாயகராமும் தபலா ஜாகிர் உசேனும் எவ்வளவு தூரம் போனாலும் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் தாள இடத்தில், ஒன்றாக இறங்கினார்கள். போவது யாருக்கும் வரும். திரும்பி வர வேண்டும்.

சேர்வராயன்காற்று:
இறங்கியது பிசகு, உண்மை. நாலு பேரும் இருபதை ஒட்டிய வயசு அண்ணா. அந்த வயசில் போகவே பயப்படாதது எனக்குப் பெரிசு.

செவ்வாய்ப்பேட்டைதவில்:
சரி, ஒன்று செய். அடுத்த மாதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மொட்டை மாடியில் வாசிக்கிறார்களாம். அதே பாட்டை வாசிக்கச் சொல். சாக்ஸ் வேறு வழியில் போனால் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்று ஊதியதே வந்தால் அது மனப்பாடம்.

சேர்வராயன்காற்று:
சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வாசித்தது முழுசும் போனில் இருக்கிறது, அனுப்புகிறேன். கேட்டுவிட்டே வாங்க.