போனில் "கே.சி.எல். 20 போடுங்கோ" என்றால் நர்ஸ் போடலாமா?

தணிகா_கொழும்பு06

நிலைமை இதுதான். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மெடிக்கல் வார்ட், இரவு 1.40. 68 வயது அம்மா, இரண்டு நாளாக வயிற்றோட்டம், ஏற்கெனவே ஃப்ரூசமைட் (சிறுநீரைக் கூட்டுற மருந்து) குடிக்கிறவ. லாப் ரிப்போட்டில் பொட்டாசியம் 2.9, குறைவு. (கே.சி.எல். என்றது பொட்டாசியம் குளோரைட், பொட்டாசியத்தைக் கூட்டுற மருந்து.) கன்சல்டன்டுக்குக் கோல் எடுத்தால், "கே.சி.எல். 20 போடுங்கோ, காலையில வந்து சைன் பண்ணுறன்" என்று சொல்லிப்போட்டு வைத்துவிடுகிறார். ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரியிலேயே டியூட்டியில் நிற்கிற டொக்டர்) கீழே ஈ.டி.யூ.வில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) நெஞ்சுவலி நோயாளி ஒருவரோடு நிற்கிறார்.

நர்ஸ் என்ன செய்யவேணும்? ஏதும் நடந்தால் சட்டம் யாரைப் பிடிக்கும்? படிப்பிக்கிறவர்களும் வார்ட்டில் நிற்கிறவர்களும் இதில் ஒருநாளும் ஒத்துப்போறதில்லை. அதுதான் இங்கே போடுறன்.

டியூட்டர்_நிர்மலா

போடக்கூடாது. அது ஓடரே இல்லை. ஓடர் என்றால் மருந்து, அளவு, அலகு, எந்த வழி, எதில் கலக்கிறது, எத்தனை மணித்தியாலம் என்று இருக்கவேணும். இங்கே வந்தது ஒரு பெயரும் ஒரு எண்ணும்.

20 என்ன? மில்லிமோலா (மருந்தின் அளவு), மில்லிலீற்றரா (திரவத்தின் அளவு)? 15 வீத கே.சி.எல். 10 மில்லி அம்பியூலில் ஒன்றரை கிராம் இருக்கிறது, கிட்டத்தட்ட 20 மில்லிமோல். 20 மில்லி என்று விளங்கிக்கொண்டு இரண்டு அம்பியூல் உடைத்தால் 40 மில்லிமோல். அதை ஒரு மணித்தியாலத்தில் ஓடவிட்டால் அந்த அம்மாவின் இதயம் நின்றுபோகலாம்.

கே.சி.எல்., இன்சுலின், ஹெப்பரின், மோர்பின் நாலுக்கும் போன் ஓடர் எடுக்கக்கூடாது என்றுதான் நான் சொல்லுவேன். ஆர்.எம்.ஓ. மேலே வந்து மருந்துக் காட்டில் (கார்டில்) எழுதிக் கையொப்பம் வைத்தபிறகுதான் மருந்து. விதிவிலக்கு ஒன்று: டொக்டர் கட்டிலடியில் நின்று உயிர் காப்பாற்றிக்கொண்டு வாயால் சொல்லுவது.

இரவு_வார்ட்

நிர்மலா அக்கா, புத்தகத்தில் சரி. ஆனால் பகலில அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் இரண்டு மூன்று இடத்தில சானலிங் (தனியாக் காசுக்கு நோயாளி பாக்கிறது), பிறகு வீடு என்று ஓடுற கன்சல்டன்டோட கொழும்பில தனியார் வார்ட் நடக்கிறதே போனிலதான். காலை ரவுண்டுக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம். வயிற்றோட்டம் நிக்கேல்ல, பொட்டாசியம் இன்னும் இறங்கும். போடாமல் விட்டால் அதுவும் ஒரு செயல்தான்.

பிழை போனில இல்லை, அந்தக் கோலை எடுத்த விதத்தில. கோல் எடுக்க முதல் கையில இருக்கவேண்டியது: பி.பி., நாடி, கடைசி ஆறு மணித்தியால சிறுநீர், கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுது என்று காட்டுற இரத்தப் பரிசோதனை), ஈ.சி.ஜி., வாயால குடிக்கிறாவா இல்லையா. இன்னொன்று, இதைப் பல பேர் பாக்கிறதில்லை: இரத்தம் எந்தக் கையில எடுத்தது? சேலைன் ஓடுற கையில எடுத்திருந்தா ரிப்போட் பொய்யாக் குறைஞ்சு வரும். 2.9 உண்மையில 3.6 ஆக இருக்கலாம்.

போன் ஸ்பீக்கரில, பக்கத்தில இன்னொரு நர்ஸ். கேட்கக் கேட்க எழுதுறது, வைச்ச பிறகு ஞாபகத்தில எழுதுறதில்லை. எழுதினதை அப்படியே திருப்பி வாசிக்கிறது. எண்ணை இலக்கம் இலக்கமாச் சொல்லுறது: "ஒன்று, ஐந்து". ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மாறுற மாதிரி சிங்களத்தில பஹளொவவும் பனஹவும் மாறும், அரைத்தூக்கத்தில இருக்கிற டொக்டர் சொன்னா இன்னும் மோசம். அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் வைக்கிறது. "20" என்று மட்டும் சொல்லி வைச்சிட்டாரா? திரும்ப எடு. அவருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஃபார்மசி_செல்வா

அம்பியூல் கணக்கில் ஒரு சேர்க்கை. எல்லா அம்பியூலும் 15 வீதம் இல்லை. 7.45 வீதத்தில் அதே 10 மில்லிக்கு 10 மில்லிமோல்தான். ஆகவே "ஒரு அம்பியூல்" என்ற ஓடரும் ஏற்கமுடியாது. டெண்டர் மாறி வேறு வீத அம்பியூல் வந்தால் அளவு இரட்டிக்கும் அல்லது பாதியாகும்.

கலக்கிற இடத்தில் நடக்கிற பிழையையும் சொல்லவேணும். தொங்கிக்கொண்டிருக்கிற சேலைன் பைக்குள் கீழ் வாயால் கே.சி.எல். ஏற்றினால் அது பாரமானதால் அடியிலேயே தங்கிவிடும். முதல் சில நிமிடத்தில் நோயாளிக்குப் போவது அந்த அடர்த்தியான பகுதி. 20 மில்லிமோலை 500 மில்லியில் கலந்தேன் என்று காட்டில் அழகாக எழுதியிருக்கும்; உண்மையில் போனது நேரடி ஊசிக்குச் சமன். பையை இறக்கி, கிளாம்பை மூடி, மருந்தை ஏற்றி, பத்துத் தடவை தலைகீழாகத் திருப்பி, லேபல் ஒட்டிவிட்டுத்தான் தொங்கவிடவேணும்.

டெக்ஸ்ட்ரோஸில் (சீனிக் கரைசலில்) கலக்கவேண்டாம். இன்சுலினைத் தூண்டி இருக்கிற பொட்டாசியத்தையும் கலத்துக்குள் தள்ளிவிடும். சாதாரண சேலைன் 500 மில்லியில் 20 மில்லிமோல், இரண்டு மணித்தியாலம், பம்பில் மணிக்கு 250 மில்லி. கை நரம்பில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்கு மேல் என்றால் மொனிட்டர் வேணும். அந்த அம்மா விழுங்கக்கூடியவ என்றால் 600 மில்லிகிராம் குளிசையில் 8 மில்லிமோல் இருக்கிறது. ஊசிதான் வேணுமா என்று அதே கோலில் டொக்டரிடம் கேட்கலாமே.

டியூட்டர்_நிர்மலா

செல்வா சொன்னது முழுக்கச் சரி. அது என் பக்கத்துக்குத்தான் பலம். இவ்வளவையும் இரவு 1.40க்கு போனில் கதைத்து முடிக்கலாம் என்று நினைக்கிறீர்களா?

திருப்பி வாசிப்பதில் எல்லோரும் அளவுக்கு மிஞ்சி நம்பிக்கை வைக்கிறார்கள். அது காதில் விழுந்த பிழையை மட்டும் பிடிக்கும். டொக்டர் மனதில் நினைத்ததே பிழை என்றால், உதாரணமாக வேறு கட்டில் நோயாளியை நினைத்துக்கொண்டு சொன்னால், நீங்கள் பிழையைத் திருப்பி வாசிப்பீர்கள், அவர் பிழைக்கு "சரி" சொல்லுவார். இரண்டாவது நர்ஸ் என்கிறீர்கள். இரவில் பல இடத்தில் அந்த இரண்டாவது ஆள் பயிற்சியில் இருக்கிற பிள்ளை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒப்பமிடுகிற கை இரண்டாவது பரிசோதனை ஆகாது. தனியாகக் கணக்குப் போட்டு விடை ஒன்றாக வந்தால்தான் அது பரிசோதனை.

இரவு_வார்ட்

ஓம், பயிற்சிப் பிள்ளை விஷயம் உண்மைதான். வேறு கட்டிலை நினைச்சுச் சொல்லுறதுக்கும் வழி இருக்கு. முதல் வசனத்திலேயே பெயர், வயசு, ஏன் அட்மிட் ஆனவ, கிரியற்றினின் எவ்வளவு என்று நாங்கள் சொன்னால் அவர் ஆளைப் பிடிச்சிடுவார். "டொக்டர், கட்டில் 14க்கு பொட்டாசியம் 2.9" என்று தொடங்கினால் பிழை எங்கட பக்கம்.

ஆனா ஆர்.எம்.ஓ. ஈ.டி.யூ.வை விட்டு வரமாட்டார் என்றால் உங்கட விடை என்ன? அதைச் சொல்லேல்லையே.

வழக்குக்கட்டு

சட்டப்பக்கம் வருகிறேன்.

"டொக்டர் சொன்னார், செய்தேன்" என்பது முழுக் கவசம் இல்லை. அதே பயிற்சி பெற்ற நியாயமான ஒரு தாதி அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல். அலகில்லாத கே.சி.எல். ஓடரை அப்படியே நிறைவேற்றுவதை அந்தத் தாதி செய்யமாட்டார். மரணம் நிகழ்ந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு வரலாம்: அசட்டையான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தல், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும்.

சிவில் வழக்கில் பெரும்பாலும் ஆஸ்பத்திரியையும் சேர்த்தே இழுப்பார்கள். வேலையின்போது ஊழியர் செய்த பிழைக்கு முதலாளி பொறுப்பு. வழக்கிட இரண்டு ஆண்டுக் காலவரை. குழந்தை ஒன்றின் மரணத்துக்காக டொக்டர் பிரியானி சொய்சா மீது தொடுத்த வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோட்) சொன்னதை இங்கே நினைவில் வைக்கவேண்டும்: கவனயீனம் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தக் கவனயீனம்தான் மரணத்துக்குக் காரணம் என்பதையும் வழக்காளி நிரூபிக்கவேண்டும். மருந்து எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு ஈ.சி.ஜி. மாறியது என்ற வரிகளில்தான் இந்தக் கேள்வி தீரும். திடீர் மரண விசாரணைக்குப் போனால் சட்ட வைத்திய அதிகாரியும் முதலில் கேட்பது பெட் ஹெட் டிக்கெட்டைத்தான் (நோயாளியின் வார்ட் பதிவேடு).

கொடுக்காமல் விடுவதும் கவனயீனமாகலாம், அதில் இரவு_வார்ட் சொல்வது சரி. ஆனால் வாய்மூடி விடுவது வேறு. மறுத்து, காரணம் சொல்லி, அடுத்த ஆளுக்கு அறிவித்து, எழுதிவைப்பது வேறு. அரச ஆஸ்பத்திரியாக இருந்தால் இதற்கு மேல் தாபன விதிக்கோவை (அரச ஊழியருக்கான விதிகள்) இரண்டாம் தொகுதியின்படி ஒழுக்காற்று விசாரணையும் தனியாக நடக்கலாம். நீதிமன்றத்தில் தப்பியவர் அங்கே மாட்டலாம்.

டியூட்டர்_நிர்மலா

இரவு_வார்ட் கேட்ட கேள்விக்கு: ஆர்.எம்.ஓ. வராவிட்டால் வேறு வார்ட் மெடிக்கல் ஒபிசர். அவரும் இல்லை என்றால் இரவு நேர நர்சிங் சூப்பர்வைசர், அவ மூலமாக மெடிக்கல் டிரெக்டர். ஈ.டி.யூ.வுக்கு காட்டைக் கொண்டுபோய் அங்கேயே எழுதி வாங்கலாம், இரண்டு நிமிட வேலை. இதை ஏன் ஒருவரும் நினைப்பதில்லை?

தணிகா_கொழும்பு06

வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னால்? அலகு தெளிவாக வருமே.

இரவு_வார்ட்

வாயால சொல்லுறதை விட அது எவ்வளவோ மேல்.

டியூட்டர்_நிர்மலா

யாருடைய போனில்? டியூட்டி முடிந்து அந்த ஓடர் நர்ஸோடு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறிப் போய்விடும். காலை ஷிப்ட் எதைப் பார்க்கும்?

வழக்குக்கட்டு

சான்றாக ஏற்க வழி உண்டு. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் கொண்ட சான்றுச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல்வாங்கல் சட்டமும் இருக்கின்றன. ஆனால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகப் பார்க்கிறது. மருந்துக் காட்டைப் படமெடுத்து அனுப்பினால் நோயாளியின் பெயர், வயது, நோய் எல்லாம் சொந்தப் போனில், அங்கிருந்து கிளவுட்டில். அனுப்பத்தான் வேண்டுமென்றால் வார்ட் போனில், டிக்கெட் இலக்கத்தோடு, படம் இல்லாமல். உடனே டிக்கெட்டில் பார்த்தெழுத வேண்டும். தானாக அழியும் செட்டிங் போட்ட டொக்டர்களும் இருக்கிறார்கள், கவனம்.

ஃபார்மசி_செல்வா

கட்டில் இலக்கத்தை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். நடுச்சாமத்தில் கட்டில் மாத்துவது சர்வசாதாரணம்.

தணிகா_கொழும்பு06

சரி, டிக்கெட்டில் என்னதான் எழுதுறது?

இரவு_வார்ட்

இப்படி: "01.52. போன் மூலம் டொக்டர் (பெயர்). பொட்டாசியம் குளோரைட் 20 மில்லிமோல், சாதாரண சேலைன் 500 மில்லியில், இரண்டு மணித்தியாலத்தில், பம்ப் மூலம். திருப்பி வாசித்து உறுதிசெய்யப்பட்டது. முதல் கோலில் அலகு சொல்லப்படவில்லை, 01.48க்கு மீண்டும் அழைத்துக் கேட்கப்பட்டது. ஆர்.எம்.ஓ.வுக்கு அறிவிக்கப்பட்டது." கீழே இரண்டு பேரின் பெயர், கையொப்பம். பிழையா எழுதினால் ஒரு கோடு, பக்கத்தில நேரமும் இனிஷியலும். டிப்பெக்ஸ் தொடவே கூடாது. காலையில டொக்டர் சைன் வைக்க மறந்தால் ரவுண்டிலேயே பேனையைக் கையில கொடுங்கோ. பல ஆஸ்பத்திரி விதியில 24 மணித்தியாலம்தான் அவகாசம்.

டியூட்டர்_நிர்மலா

கடைசி வசனம் ஒன்றுக்கும் உதவாது. "ஆர்.எம்.ஓ.வுக்கு அறிவிக்கப்பட்டது" என்றால் எத்தனை மணிக்கு, யார் அறிவித்தது, அவர் என்ன சொன்னார்? "வருகிறேன்" என்றாரா, "போடுங்கோ" என்றாரா, போனே எடுக்கவில்லையா? மூன்றுக்கும் சட்டத்தில் மூன்று விளைவு.

வழக்குக்கட்டு

குறுக்கு விசாரணையில் நான் முதலில் கைவைப்பதும் அந்த வசனத்தில்தான்.

இரவு_வார்ட்

அதை மாத்துறன். "01.55, ஈ.டி.யூ.வில் ஆர்.எம்.ஓ.விடம் நேரில் சொல்லப்பட்டது, தொடங்கும்படி சொன்னார், 02.30க்குள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்." ஆனா அக்கா, போன் ஓடரே கூடாது என்றதை நான் இன்னும் ஏத்துக்கொள்ளேல்ல.

டியூட்டர்_நிர்மலா

ஈ.டி.யூ. வரைக்கும் போன ஆள் காட்டையும் கொண்டுபோயிருந்தால் அங்கேயே கையொப்பம் வாங்கியிருக்கலாம். பிறகு எதற்குப் போன் ஓடர்?