குளிர்காலத்துல கடல் நீச்சல்: குடும்பக் குரூப்ல ஓடின பேச்சு

நித்யா: சித்தப்பா ஒரு விஷயம் கேக்கணும், இங்க ஒரு குரூப் குளிர்காலம் முழுக்க காலைல கடல்ல நீந்துறாங்க, நானும் சேரலாம்னு இருக்கேன். ஆனா தண்ணி புரியவே மாட்டேங்குது. போன வாரம் நல்ல வெயில், கால வச்சா எலும்பு வரைக்கும் ஜில்லுனு ஏறுது. நேத்து ஒரே மேகம், தண்ணி எவ்வளவோ பரவால்ல

ராதா: குளிர்காலத்துல கடலா?? தம்பி நீங்களே இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க

முரளி: அண்ணி பயப்படாதீங்க, முறை தெரிஞ்சு எறங்கினா நல்ல விஷயம்தான். நித்யா, ரெண்டு நாளும் காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சுது?

நித்யா: வெயில் அடிச்சப்போ வடக்குலேர்ந்து, விடாம மூணு நாள். நேத்து தெக்குலேர்ந்து

அருண்: அக்கா உங்க கரை மேற்கு பாத்த கரைதானே? அப்ப அதான் காரணம். வடக்குக் காத்து கரைய ஒட்டியே அடிச்சா மேல இருக்கற தண்ணி நடுக்கடல் பக்கமா ஒதுங்கிப் போயிடும், அந்த எடத்த நிரப்ப அடியிலேர்ந்து வெயிலே படாத தண்ணி மேல ஏறி வரும். தெக்குக் காத்து நேர் எதிர், மேல்தண்ணிய கரைக்கே கொண்டாந்து சேக்கும்

தாத்தா: ஏம்பா காத்து தெற்க பாத்து தள்ளுனா தண்ணியும் தெற்கதானே போகணும், நடுக்கடலுக்கு ஏன் போகுது

அருண்: பூமி சுத்துறதால தாத்தா. நான்சென்னு ஒரு நார்வேக்காரர், துருவப் பகுதிய ஆராய்ஞ்சவரு, 1893லேர்ந்து 1896 வரைக்கும் அவரோட ஃப்ராம்ங்கற கப்பல் வடதுருவப் பக்கம் பனிக்கட்டியில உறைஞ்சு மெதந்துட்டுப் போச்சு, அப்ப பனிக்கட்டி காத்து போற திசையில போகாம கொஞ்சம் வலது பக்கமா விலகிப் போறத கவனிச்சாரு. அதுக்கு எக்மன்னு ஒருத்தர் கணக்கு போட்டு 1905ல எழுதினாரு. மேல் அடுக்கு அதுக்குக் கீழ இருக்கற அடுக்க இழுக்கும், ஒவ்வொரு அடுக்கும் இன்னும் கொஞ்சம் வலது பக்கம் திரும்பும், எல்லாத்தையும் சேத்துப் பாத்தா தண்ணி காத்துக்குக் குறுக்கால போகுது. பூமத்திய ரேகைக்குத் தெற்க இதுவே இடது பக்கம்

தாத்தா: சரி இப்ப புரியுது. அடித்தண்ணி மேல வந்தா மீனும் சேரணுமே

அருண்: சேரும் தாத்தா, அடியில தங்கின சத்தெல்லாம் அந்தத் தண்ணியோட மேல வருதுல்ல. பெரு நாட்டுல நெத்திலி அவ்வளவு கெடைக்கறதே இதனாலதான், எல் நினோ, அதாவது பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட சூடாகற காலம், வந்து அடித்தண்ணி ஏறுறது கொறஞ்சா மீனும் கொறஞ்சிடும்

முரளி: இதுல முக்கியமா ஒண்ணு. காலண்டர நம்பாத. வட கலிஃபோர்னியா கரையில தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கறது ஜனவரி இல்ல, வடக்குக் காத்து பலமா இருக்கற ஏப்ரல், மே. கேப் டவுன்ல அட்லாண்டிக் பக்கம் நடுக்கோடையில தென்கிழக்குக் காத்து அடிச்சா வெளிய வெயில் கொளுத்தும், தண்ணி 10, 12 டிகிரிதான். கடல் சூடாகவும் லேட்டு ஆறவும் லேட்டு, அதனால காத்துல குளிர் விட்ட பிறகும் தண்ணி குளிராவே கெடக்கும். வானத்தப் பாத்து எறங்காத, காத்தையும் தெர்மாமீட்டரையும் பாத்து எறங்கு

ராதா: அதெல்லாம் இருக்கட்டும், உடம்புக்கு என்ன ஆகும் அத சொல்லுங்க

முரளி: சொல்றேன் அண்ணி. ஒரே அளவு குளிர்னாலும் காத்துல இருக்கறத விட தண்ணியில உடம்புச் சூடு சுமார் 25 மடங்கு வேகமா போகும். ஆனா பெரிய ஆபத்து அது இல்ல, முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான். 15 டிகிரிக்குக் கீழ திடீர்னு எறங்கினா நம்மளக் கேக்காமயே மூச்சு இழுத்துக்கும், அந்த நேரம் முகம் தண்ணிக்குள்ள இருந்தா தண்ணிதான் உள்ள போகும், நெஞ்சும் படபடன்னு அடிக்கும். நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களே போறது இப்படித்தான். அதனால நித்யா, குதிக்கவே கூடாது, நடந்து எறங்கு, முகத்துலயும் கழுத்துலயும் தண்ணி தெளிச்சுக்கோ, மூச்ச நீளமா வெளிய விடு, மூச்சு உன் கட்டுப்பாட்டுக்கு வந்த அப்புறம் நீந்து. தவறி விழுந்துட்டா நீந்தப் பாக்காத, மல்லாக்கப் படுத்து மெத

நித்யா: எவ்வளவு நேரம் இருக்கலாம் சித்தப்பா? லூயிஸ் பியூ 2007ல வடதுருவத்துல மைனஸ் 1.7 டிகிரி தண்ணியில ஒரு கிலோமீட்டர் நீந்தினாராமே

முரளி: அவரு அதுக்குன்னே வருஷக்கணக்கா உடம்பப் பழக்கினவரு, கூடவே ஆளுங்க இருந்தாங்க. உனக்கு முதல்ல ரெண்டு மூணு நிமிஷம் போதும். நல்லாத்தான் இருக்கு இன்னும் கொஞ்சம் நேரம்னு தோணும் பாரு, அப்பவே வெளிய வந்துடு. விரல் சேராம விறைக்க ஆரம்பிச்சா கை கால் நீ சொல்றத கேக்காதுன்னு அர்த்தம், கரைய ஒட்டியே நீந்து, தனியா போகவே போகாத

ராதா: வந்ததும் சுடுதண்ணியில குளிச்சா சரியாயிடும்ல

முரளி: வேணாம் அண்ணி, அதுதான் நெறய பேர் செய்யறது. வெளிய வந்த அப்புறமும் உடம்போட உள்சூடு கொஞ்ச நேரம் எறங்கிட்டே இருக்கும், அந்த நேரம் சுடுதண்ணி ஊத்தினா ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் எறங்கி மயக்கம் வரலாம். ஈரத்துணிய உடனே கழட்டிட்டு தொடச்சு அடுக்கடுக்கா போட்டுக்கணும், தலைக்குத் தொப்பி, குடிக்க ஏதாவது சூடா. நடுக்கம் நிக்கற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது

ராதா: முதல்ல டாக்டர்கிட்ட இதயத்தையும் பிரஷரையும் செக் பண்ணிட்டு அப்புறம் போ. எறங்கறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ், வெளிய வந்ததும் ஒரு மெசேஜ்

நித்யா: சரிம்மா கண்டிப்பா. டாக்டர நாளைக்கே பாக்கறேன், சனிக்கெழம போகலாமா சித்தப்பா?

முரளி: காத்து?

நித்யா: வியாழன்லேர்ந்து வடக்கு, பலமா இருக்கும்னு போட்டிருக்கு

முரளி: அப்ப இந்த சனி வேணாம். காத்து தெக்கால திரும்பட்டும், ரெண்டு நாள் கழிச்சு தண்ணிய அளந்து எனக்கு நம்பர் அனுப்பு