நீரோவை எழுபதாம் பக்கத்தில் மூடிவிட்டேன். அடுத்து எந்த ரோமானியப் பேரரசரை வாசிப்பது?

இரவு ரயில்:
நண்பர்களே, சென்ற மாதம் நீரோவின் வாழ்க்கை வரலாறு ஒன்றை வாங்கி, பணி முடிந்து திரும்பும் ரயிலில் தினமும் பத்துப் பக்கம் வாசித்துவந்தேன். எழுபதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். நடையில் குறையில்லை. ஆனால் தாயைக் கொல்ல முடிவெடுத்த இரவில் நீரோ எப்படிப் புரண்டு படுத்தான், என்ன நினைத்தான் என்றெல்லாம் ஆசிரியர் எழுதுகிறார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆங்கிலத்தில் வாசிப்பேன், லத்தீன் தெரியாது. மாதம் ஒரு நூல்தான் வாங்க முடியும். அகஸ்டஸிலிருந்து வரிசையாகப் போகலாமா, மார்கஸ் அரேலியஸிலிருந்து தொடங்கலாமா?

பழைய புத்தகக்காரன்:
இக்கால நூல்களைத் தேடி அலையாதீர்கள். ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸின் 'பன்னிரு சீசர்கள்' போதும். ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரை வருகிறார்கள். அகஸ்டஸ் இடிக்கு அஞ்சிக் கடல்நாய்த் தோலைக் கூடவே கொண்டுபோனதையும், டொமிஷியன் தனியறையில் எழுத்தாணியால் ஈக்களைக் குத்திக்கொண்டிருந்ததையும் ஒருமுறை வாசித்தால் மறக்க முடியாது. பேரரசர் ஹேட்ரியனிடம் கடிதப் பொறுப்பு வகித்தவர் சூட்டோனியஸ். பழைய அரசர்களின் கடிதங்களையே எடுத்துக்காட்டுகிறார்.

வரலாற்று டீச்சர்:
தம்பி, 'இது இவருக்கு எப்படித் தெரியும்' என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பில் மாணவர்களைக் கேட்கச் சொல்லி மன்றாடியவள் நான். நீங்களாகவே கேட்டிருக்கிறீர்கள், மனம் நிறைந்துவிட்டது. பேரரசரின் புகழைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவருடைய வாய்ச்சொல் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் நீரோவுக்கு முன் ஆண்ட கிளாடியஸைத்தான் சொல்வேன்.

காரணம் ஒரு வெண்கலப் பலகை. கௌல் நாட்டு, அதாவது இன்றைய பிரான்ஸின், பெருங்குடியினரையும் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் சேர்க்க வேண்டும் என்று கி.பி. 48ஆம் ஆண்டில் கிளாடியஸ் பேசினார். அந்தப் பேச்சு அவர் பிறந்த ஊரான லியோனில் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டது. 1528இல் அங்கே ஒரு துணி வணிகரின் திராட்சைத் தோட்டத்தில், மேற்பகுதி இழந்த நிலையில் அது கிடைத்தது. அதே பேச்சை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸும் எழுதியிருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்த மாலையில் விளக்கேற்றக்கூட எழுந்திருக்கவில்லை. டாசிடஸின் கிளாடியஸ் ஒரு சொல்லைக்கூட வீணாக்காமல் வாதத்தை அடுக்குகிறார். பலகையில் இருப்பவரோ ரோமின் பழைய அரசர்களிடம் போய், அவர்களில் ஒருவரான செர்வியஸ் துல்லியஸுக்கு, ரோமுக்கு வடக்கே வாழ்ந்த தொன்மையான எத்ருஸ்கர் மக்களின் வழக்கில் என்ன பெயர் என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிடுகிறார். எத்ருஸ்கர் வரலாற்றை இருபது பாகங்களாக எழுதியவர் அல்லவா! நடுவே, 'டைபீரியஸ் சீசர் ஜெர்மானிகஸ், உன் பேச்சு எங்கே போகிறது என்று அவைக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது' என்ற பொருளில் ஒரு வரி. அது கிளாடியஸின் பெயர்தான். தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாரா, அவையில் யாரோ குறுக்கிட்டதா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எனக்கு அந்த வரியில் ஒரு மனிதரின் மூச்சு கேட்கிறது.

சூட்டோனியஸை நானும் விரும்புகிறேன். விளையாட்டு விழாவில் கிளாடியஸை முன்வரிசையில் உட்காரவைத்தால் ஊர் சிரிக்குமோ என்று அகஸ்டஸ் தம் மனைவி லிவியாவுக்கு எழுதிய கடிதம் அவரால்தான் நமக்குக் கிடைத்தது. திருத்தமாகப் பேசத் தெரியாத பையன் மேடையில் நன்றாகப் பேசிவிட்டானே என்று அதே அகஸ்டஸ் வியக்கும் கடிதமும் அங்கே உண்டு. ஆனால் கிளாடியஸ் இறந்தது 54இல். சூட்டோனியஸ் அதற்குப் பிறகு பிறந்தவர். நஞ்சு வைத்தார்கள் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், எங்கே, யார் என்பதில்தான் வேறுபடுகிறார்கள் என்று அவரே எழுதுகிறார். ஆகவே கடிதங்களை ஒரு தட்டிலும் அரண்மனைப் பேச்சை இன்னொரு தட்டிலும் வைத்து வாசியுங்கள்.

இக்கால நூல் என்றால் பார்பரா லெவிக் 1990இல் எழுதிய 'கிளாடியஸ்'. விறுவிறுப்பை எதிர்பார்க்காதீர்கள். காவல்படையின் துணையால் ஆட்சிக்கு வந்து, அந்த அச்சத்தோடு பதின்மூன்று ஆண்டுகள் ஆண்ட ஓர் அரசியல்வாதியை அதில் காண்பீர்கள்.

மார்கஸ் அரேலியஸ் பிறகு வரட்டும். அவரிடம் போகும்போது 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற, பேரரசர்களின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு எதிர்ப்படும். ஆறு பேர் எழுதியது என்று அது சொல்லிக்கொள்கிறது. ஒரே ஆள் வேலை என்று 1889இல் ஹெர்மன் டெஸாவ் வாதிட்டார். அதிலுள்ள கடிதங்கள் பல புனைவு. மார்கஸைப் பற்றி அந்தோணி பர்லி எழுதிய நூலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ் வாசகி:
டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிளாடியஸ் காலத்தை நேரில் கண்டவர் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. செங்கடல் வரியைக் குத்தகை எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறிய கதையை அவர் எழுதுகிறார். கரையேறியவரிடமிருந்த ரோமானியக் காசுகளில் வெவ்வேறு தலைகள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு இலங்கை அரசர் வியந்தாராம். கிளாடியஸிடம் நான்கு தூதர்களை அனுப்பினாராம். எங்கள் தீவின் பெயரை அந்தப் பக்கத்தில் பார்த்த நாளிலிருந்து கிளாடியஸ் எனக்கு அயலாராகத் தெரியவில்லை.

இரவு ரயில்:
அம்மா, மிக்க நன்றி. அப்படியானால் 'ஐ, கிளாடியஸ்' நாவலை முதலில் வாசிக்கலாமா? பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

வரலாற்று டீச்சர்:
வாங்கி வையுங்கள், ஆனால் கடைசியில் வாசியுங்கள். அதை எழுதிய ராபர்ட் கிரேவ்ஸ்தான் பின்னாளில், 1957இல், சூட்டோனியஸை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கிளாடியஸே தம் கதையைச் சொல்வதாக அமைந்த நாவல் அது. அந்தக் குரல் முதலில் காதில் புகுந்துவிட்டால் பலகையின் குரல் கேட்காது. பலகையில் மிஞ்சியது சில பக்கங்கள்தான். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. நாளை ரயிலில் அதை வாசியுங்கள். மறுநாள் டாசிடஸின் ஆண்டு வரலாற்றில் 11ஆம் பாகம், 24ஆம் பகுதி. டாசிடஸ் எதை வெட்டினார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.