குடற்சில்லா, நுண்ணோடைக் குடலா?

வணக்கம் நண்பர்களே,

மனிதக் குடல் செல்களை ஒரு சிறு கருவிக்குள் வளர்த்துக் குடல்போலவே இயங்கவைப்பதை ஆங்கிலத்தில் gut-on-a-chip என்கிறார்கள். அதற்குத் தமிழில் குடற்சில்லு என்ற சொல் சுருக்கமாக இருக்கிறது, சொல்லவும் எளிது. ஆனாலும் எனக்கு நிறைவில்லை. சில்லு என்றால் தமிழ்நாட்டில் தேங்காய்ச் சில்லு, ஓட்டாஞ்சில்லு. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் சக்கரமே சில்லுதான். கணினித் துறையில் chip என்பதற்கு அந்தச் சொல் ஊன்றிவிட்டது, சரி. இந்தக் கருவியின் உயிர் மின்சுற்றில் இல்லையே, ஓட்டத்தில் அல்லவா இருக்கிறது!

2012-ல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழு செய்ததைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் சிலிக்கோனில் இரண்டு நுண்ணிய தடங்கள். நடுவே துளைகளுள்ள மெல்லிய சவ்வு, அதன்மேல் காக்கோ-2 என்ற மனிதக் குடல் செல்கள். மணிக்கு 30 மைக்ரோலிட்டர் ஊட்டத் திரவம், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு, ஓடிக்கொண்டே இருக்கும். பக்க அறைகளில் காற்றை உறிஞ்சி உறிஞ்சி விட்டு, குடல் அசைவதுபோல் சவ்வை இழுத்துத் தளர்த்துவார்கள். ஆய்வகத் தட்டில் தட்டையாகப் படர்ந்து கிடக்கும் அதே செல்கள் இங்கே, குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்போல மேடுமேடாக எழுந்தன. கூடவே லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவை ஒரு வாரத்துக்கு மேல் வளர்க்க முடிந்தது. தேங்கிய திரவத்தில் பாக்டீரியா அளவுமீறிப் பெருகி செல்களைக் கொன்றுவிடும். ஓட்டம்தான் மிகுந்ததைக் கழுவிக்கொண்டு போகிறது.

லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் பால் வில்ம்ஸ் குழு 2016-ல் வெளியிட்ட ஹியூமிக்ஸ் (HuMiX) என்ற குடல் கருவியின் அமைப்பே வேறு. பாக்டீரியாவுக்கு ஓர் அறை, மனித செல்களுக்கு ஓர் அறை. இடையில் சவ்வு இருப்பதால் ஒன்றையொன்று தொடாது, கரைந்த பொருள்கள் மட்டும் கடக்கும். அடுக்கி இறுக்கிய அந்த அமைப்பைச் சில்லு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டம் மட்டும் அங்கேயும் உண்டு.

அதனால் என் பரிந்துரை: நுண்ணோடைக் குடல். தமிழில் தொகைச்சொல்லின் தலை கடைசியில் வரும். குடற்சில்லு என்றால் அது ஒருவகைச் சில்லு. நுண்ணோடைக் குடல் என்றால் ஒருவகைக் குடல். ஆய்வாளர் அதில் தேடுவது குடலைத்தானே? இதே அச்சில் நுண்ணோடை நுரையீரல், நுண்ணோடைச் சிறுநீரகம் என்றும் வார்த்துக்கொள்ளலாம்.

ஓடை இயற்கையானது, மனிதர் வெட்டுவது வாய்க்கால் என்று யாராவது கேட்டால் அது நியாயம்தான். நுண்வாய்க்கால் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். பொருள் இன்னும் துல்லியம், ஆனால் குடலோடு சேரும்போது நீண்டுவிடுகிறது.

அப்புறம், செல்லையும் பாக்டீரியாவையும் சேர்த்து வளர்ப்பதற்கு உடன்வளர்ப்பு என்று வைக்கலாமா? கூட்டு வளர்ப்பு என்றால் இரண்டும் கலந்து கிடப்பதாகப் படுகிறது; ஹியூமிக்ஸுக்கு அது பொருந்தாது.